வெள்ளைச் சட்டையில் ஆயில் மாற்றிய சம்பந்தி

தரையில் மல்லாந்து படுப்பது இந்த வயதில் முதுகுக்கு நல்லது. நான் சொல்வதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம், மெக்கானிக் தம்பி. மாப்பிள்ளை காரின் அடியில் போல்ட்டைத் திறந்தது யார் என்று கேட்டீர்கள். நான்தான். காரணத்தைக் கேட்டால் நீங்களும் சரி என்றுதான் சொல்வீர்கள்.

என் அப்பா காலத்திலிருந்து எங்கள் குடும்பத்து ஆண்கள் வண்டிக்கு அடியில் படுத்துத்தான் எஞ்சின் ஆயில் மாற்றுவோம். ஆயில் வடிக்கும் டிரெயின் போல்ட்டைக் கழற்றி, பழைய ஆயிலைத் தட்டில் பிடித்து, முழங்கை வரை கரியோடு எழுந்து வருவோம். பெண் கொடுத்த இடத்தில் வழக்கம் வேறு. என் சம்பந்தி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்து ஆயில் மாற்றுவார். எஞ்சினைக் கொஞ்சம் சூடாக்குவார். ஆயில் அளவு பார்க்கும் குச்சியை உருவிவிட்டு, அந்தத் துளை வழியாக மெல்லிய டியூப் ஒன்றை இறக்கிக் கைப்பம்பால் உறிஞ்சுவார். இடையில் காபி குடிப்பார். சட்டையில் ஒரு பொட்டுக்கூட இருக்காது. ஒரு வருஷமாக அதைப் பார்த்துப் பொறுமையாகத்தான் இருந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையின் காருக்கு ஆயில் மாற்ற வேண்டியிருந்தது. மறுநாள் அவர் புது வேலையில் சேர எண்பது கிலோமீட்டர் போகவேண்டும். சம்பந்தி மூன்றரை லிட்டரை உறிஞ்சி அளவுக் கேனில் வைத்திருந்தார்.

"கசடெல்லாம் அடியிலதான் தங்கும், சம்பந்தி. மேல இருந்து உறிஞ்சினா வராது" என்றேன்.

"அதுக்கென்ன, கீழயும் திறந்து பாத்துருவோம். ஒரு டம்ளர் வந்தாலும் பம்பை நானே தூக்கிப் போட்டுடறேன். வரலேன்னா நீங்க இனிமே தரையில உருளக் கூடாது. எனக்குப் பக்கத்துல ஒரு நாற்காலி போட்டுத் தரேன்" என்றார்.

என் மகள் சிரித்தாள். "விடுங்கப்பா. படுத்தா உங்களை எழுப்பவே ரெண்டு பேர் வேணும்."

நான் பெற்ற பெண் அந்த நாற்காலியின் பக்கம் நின்றாள். நான் படுத்தேன்.

போல்ட்டைத் திறந்தேன். மூன்று சொட்டு விழுந்தது. நான்காவது சொட்டுக்காக நியாயமான நேரம் காத்திருந்தேன். வரவில்லை.

"என்ன சம்பந்தி, டம்ளர் போதுமா, இல்ல அண்டா கொண்டு வரவா?" என்று மேலேயிருந்து குரல் வந்தது.

"பொறுங்க, ரொம்ப இறுக்கமா இருக்கு" என்றேன்.

அதை மூடிவிட்டு, இரண்டு சாண் தள்ளியிருந்த இன்னொரு போல்ட்டைத் திறந்தேன். அது கியர் பாக்ஸுடையது; அதற்கு ஆயில் தனி. தெரியாமல் திறந்துவிட்டேன் என்று மட்டும் தயவுசெய்து எழுதாதீர்கள். நாற்பது வருஷ அனுபவம். அப்படி எழுதினால் எங்கள் குடும்பத்துக்கே தலைகுனிவு.

இரண்டு லிட்டர் வந்தது.

"என்னப்பா, தேன் மாதிரி சுத்தமா இருக்கு?" என்றாள் மகள்.

"அழுக்கு லேசு, மேல மிதக்கும். நல்ல ஆயில்தான் கனம்" என்றேன்.

சம்பந்தி விரல் விட்டு எண்ணினார். "எஞ்சினே மூணரைதான் பிடிக்கும். அஞ்சரை எப்படிங்க வரும்? கார் புத்தகத்துல தெளிவாப் போட்டிருக்கே."

"புத்தகம் எழுதினவன் அடியில படுத்தா பாத்தான்?"

அவர் சொல் தவறாதவர். பம்பைக் குப்பைத் தொட்டியில் போட்டார். மகள் கைகொடுத்து என்னைத் தூக்கி, "எங்கப்பான்னா எங்கப்பாதான்" என்றாள். அந்த நேரத்தில் உண்மையைச் சொல்லி அவள் மனத்தை நோகடிக்க எந்தத் தகப்பனுக்கு மனசு வரும்? புது எஞ்சின் ஆயிலை நானே ஊற்றினேன். கியர் பாக்ஸில் எதுவும் ஊற்றவில்லை. ஊற்றியிருந்தால் ஏன் என்று கேட்டிருப்பார்கள். மாலை முழுவதும் மாப்பிள்ளை என் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். "நிதானமாப் போங்க, மாப்பிள்ளை" என்று அக்கறையாகச் சொல்லவும் செய்தேன்.

நாற்பதாவது கிலோமீட்டரில் கியர் பாக்ஸ் ஊளையிட்டு நின்றது. அவர் ஒரு கோழி வண்டியில் ஏறி, மதியத்துக்கு மேல் இறகோடு வேலையில் சேர்ந்தார்.

சம்பந்தி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாமல் யோசித்தார். பம்பு இழுத்த வேகத்தில் கியர் பாக்ஸ் ஆயில் எஞ்சினுக்குள் இறங்கிவிட்டது என்ற முடிவுக்கு வந்தார். மூன்றரையும் இரண்டும் ஐந்தரை. அவருக்குக் கணக்கு சரியாக வந்தது. "இருக்கலாம்" என்றேன். அதற்கு மேல் அவரைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசவில்லை. இப்போது அவர் வீட்டில் பல்பு மாற்றக்கூட ஆள் கூப்பிடுகிறார்.

நேற்று எல்லோர் முன்னாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "என்னாலதான் புள்ளைக்கு முதல் நாளே தலைகுனிவு, சம்பந்தி. மன்னிச்சிருங்க" என்றார். மாப்பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டார். என் மகள் என்னையே பார்த்தாள்.

பெரிய மனிதன் என்று எதற்காக இருக்கிறேன்? மன்னித்துவிட்டேன்.