பகையாளிக்குச் சோறு

ஐயே, இன்னாமா இது, கால்ல எல்லாம் வுழுற? எந்திரி. ஆஸ்பத்திரில அல்லாரும் பாக்குறாங்க பாரு. இந்த பெஞ்சில குந்து. நர்சு கூப்ட்டாதான் உள்ள வுடுவாங்க.

நீதான் பொன்ராஜோட தங்கச்சியா? சேலத்துலருந்து ராவோட ராவா வந்தியா? மூஞ்சி அப்டியே கீது. பயப்படாத, பொழச்சிக்குவான். தொண்டைதான் வீங்கிகினு கீது, அதான் கஞ்சி கொண்டாந்தேன்.

இன்னாது, நான் யாரா? உன் நம்பரே நேத்துதான் கெடச்சிச்சாம், போன் பண்ணவங்க அத்தச் சொல்லலியா? நான் ரேச்சலு. காசிமேட்டுல மீன் விக்கிறேன். நாலு வருசம் முன்ன எண்ணூர் ரோட்டுல உங்கண்ணன் ட்ரெய்லர் லாரிய ஏத்திச் சாவடிச்சான்ல, ஜெரின்னு ஒரு புள்ள? அவன் என் மவன்.

குந்துமா. ஏன் எந்திரிக்கிற?

பத்தொம்பது வயசு. மணலில ஒரு கம்பெனில சேந்து ஒம்போது நாளு. காலைல ஷிப்ட்டுக்கு வண்டில போனான், உங்கண்ணன் குடிச்சிட்டு ராங் சைடுல வந்தான். லாரி கவுந்து அதுலயேதான் அவனுக்கும் ஒரு காலு போச்சு. ரெண்டு வருசம் ஜெயிலு. வெளிய வந்து பாத்தா பொண்டாட்டி வூட்ட காலி பண்ணிகினு போய்ட்டா. காலடிப்பேட்டைல ஒரு ரூம்ல ஒண்டியா கெடந்தான். ஒரு டீத்தண்ணி குடுக்க ஆளில்ல.

எங்க பாஸ்டரு சொன்னாரு, சிஸ்டர், வேதத்தக் கேட்டா மட்டும் பத்தாது, அதும்படி நடக்கணும், பகையாளி பசியா கெடந்தா சோறு போடணும்னு. மூணு நாளு உபவாசம் இருந்து ஜெபம் பண்ணேன். மெய்யாலுமே சொல்றேன், அன்னிக்கி என் மனசுல ஒரு கள்ளமும் இல்ல. சோறு ஆக்கி எடுத்துகினு போனேன். என்னப் பாத்ததும் தட்டு மேலயே குனிஞ்சிகினு அழுதான். ஒரு வாய் முழுங்க முடில அவனால.

வூட்டுக்கு வந்து அந்த வசனத்த நானே எடுத்துப் படிச்சேன். பாஸ்டரு பாதியோட நிறுத்திகினாரு. மீதி இன்னா தெரியுமா? அப்டிச் சோறு போட்டா, அவன் தலமேல நெருப்ப அள்ளிக் கொட்டுற மாறியாம்.

அப்பால ஒரு நாளு தவறல. பதினாலு மாசம். புயல் அடிச்சப்போகூட முட்டி வரிக்கும் தண்ணில நடந்து போனேன். கெட்டுப்போன மீனு ஒண்ணு வெச்சதில்ல. வஞ்சிரம், நெத்திலி, அல்லாம் ஜெரிக்குப் புடிச்ச மாறி கொழம்பு. துன்னு முடிக்கிற வரிக்கும் எதிர்லயே குந்திகினு ஜெரியப் பத்தி சொல்லுவேன். எப்போ நடந்தான், எந்தப் பல்லு மொதல்ல வுழுந்துச்சி, இருட்டுன்னா எப்டி பயப்புடுவான். திட்னதே இல்லமா, ஒரு வார்த்த. வராதீங்கக்கான்னு கும்புட்டான். கதவ சாத்திப் பாத்தான். ஒத்தக் காலு, எவ்ளோ நேரம் சாஞ்சிகினு நிப்பான்? ஒரு நாளு, இதுல வெசம் வெச்சிக் குட்துருங்கக்கான்னான். தப்புப்பா, கொல பண்ணக் கூடாதுன்னு வேதத்துல கீது, வாயத் தொறன்னு ஊட்டி வுட்டேன்.

போன செவ்வாக்கெழம மத்தியானம் போறேன், ஜன்னல் கம்பில லுங்கியக் கட்டித் தொங்கிகினு கீறான். கூடைல மீன் வெட்ற கத்தி இருந்துச்சி. ஒரு கையால தூக்கிப் புடிச்சி, ஒரு கையால அறுத்து வுட்டேன். ஆட்டோல போட்டு நான்தான் இட்டாந்தேன். ஞாயித்துக்கெழம பாஸ்டரு என்ன சபை முன்னாடி நிக்க வெச்சி, கீழ்ப்படியறதுன்னா இதுன்னாரு. அல்லாரும் அழுதாங்க. ஒர்த்தி வந்து என் கைய முத்தம் குட்தா.

இன்னா? அப்போ ஏன் அறுத்து வுட்டேன்னு கேக்கறியா?

நல்லா கேட்ட போ. என் புள்ள இதே ஆஸ்பத்திரில மூணு நாளு கெடந்து துடிச்சான். உங்கண்ணன் அஞ்சே நிமிசத்துல தப்பிச்சிகினு போவப் பாத்தான். வுடுவனா?