மூடி மேல் வைத்த கரி

ராத்திரி மணி பத்தரை இருக்கும். எருமப்பட்டிக்கு வெளியே ஒரு வண்டித்தடம். இரண்டு பக்கமும் பனை. காற்றே இல்லை... எங்கோ ஒரு காய்ந்த ஓலை மட்டும் உரசிக்கொண்டிருந்தது. அந்தத் தடத்தில் இரண்டு பேர் நடந்து வந்தார்கள். முன்னால் டார்ச் விளக்கோடு தங்கமுத்து. பின்னால், முதுகில் பெரிய பையோடு ஒரு வெள்ளைக்காரன்.

இரண்டே பேர்தான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வேன்காரர் டயர் மாற்றி முடிக்கும் வரை நமக்கும் வேறு வேலை இல்லை. கிட்ட வந்து உட்காருங்கள். சௌந்திரம், அந்தத் தூக்குப்போசியை இப்படி நடுவில் வை. கறிக்குழம்பு வாசம் இப்போதே ஆளைத் தூக்குகிறது.

தங்கமுத்து என் சிநேகிதன் அர்த்தநாரிக்குச் சித்தப்பா. அர்த்தநாரி சொன்னதைத்தான் சொல்கிறேன். நான் எதையும் லேசில் நம்புகிற ஆள் இல்லை என்பது உங்களுக்கே தெரியும். லாரி புக்கிங் ஆபீசில் உட்கார்ந்தவன். எடை போட்டு வந்த மூட்டையைக்கூட இன்னொரு தரம் தூக்கிப் பார்ப்பேன். இந்தக் கதையையும் அப்படித் தூக்கிப் பார்த்தவன்தான்.

எழுபத்தொன்பதாம் வருஷம், பங்குனி வெயில். அங்கே ஒரு ஊரில் குடிதண்ணீர்க் கிணறு வெட்ட வெளிநாட்டுப் பையன்கள் நாலு பேர் வந்து பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தார்கள். கூலி கிடையாது. சொந்தச் செலவில் கடல் தாண்டி வந்து நம் ஊர் வெயிலில் மண் சுமக்கிறான் என்றால் யார் நம்புவார்கள்? புதையல் தேடுகிறான் என்றார்கள். உளவு பார்க்கிறான் என்றார்கள். நான் அங்கே இருந்திருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன்.

அதிலும் மார்ட்டின் என்கிற டென்மார்க்காரன் மேல்தான் எல்லார் கண்ணும். தண்ணீரைக் கொதிக்க வைத்து, துணியில் வடிகட்டி, அதற்குப் பிறகும் மோந்து பார்த்துத்தான் குடிப்பான். வாழைப்பழத்தைத் தோலோடு கழுவுவான். பூட்ஸ் இல்லாமல் ஓர் எட்டு வைக்க மாட்டான். தமிழில் அவனுக்குத் தெரிந்தது மூன்றே வார்த்தை. வணக்கம், தண்ணி, போதும்.

தங்கமுத்து பி.யூ.சி. வரை படித்தவர். அவர்களுக்கு அவர்தான் மொழிபெயர்ப்பு. மார்ட்டினைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறேன் என்று அவன் தோழர்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். தம்பி மாதிரி என்பாராம். பிரியம் நிஜம்தான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

கிணற்றில் தண்ணீர் கண்டது. அந்தச் சந்தோஷத்தில் செங்கோட்டையன் என்கிற, அங்கே தோட்டம் வைத்திருந்த விவசாயி முனியப்பனுக்குக் கிடா வெட்டினார். மற்ற மூவரும் சாமான் வாங்க நாமக்கல் போயிருந்ததால், மார்ட்டின் மட்டும் தங்கமுத்துவோடு விருந்துக்குப் போனான். கிளம்பும்போது செங்கோட்டையன் சம்சாரம் சென்னியம்மாள், அந்த மூவருக்காக ஒரு தூக்குப்போசி நிறையக் குழம்பு ஊற்றிக் கொடுத்தார். மூடி மேல் ஒரு துண்டு அடுப்புக்கரியும் வேப்பங்கொத்தும் வைத்து, துணியால் கட்டினார்.

“சாமி, ஊடு போய்ச் சேர்ற வரைக்கும் அந்தக் கரிய எடுத்துராதீங்க. ராத்திரி நேரத்துல கறி வெறுமனே போகக் கூடாதுங்க.”

இந்த அம்மா என்ன சொல்கிறார் என்று மார்ட்டின் கேட்டான்.

தங்கமுத்துவுக்கு இங்கிலீஷ் வராமல் இல்லை. வெட்கம். பேய்க்குப் பயந்து கரி வைக்கிறோம் என்று வெள்ளைக்காரனிடம் எப்படிச் சொல்வது? “ஆறுவதற்குள் சாப்பிடச் சொல்கிறார்” என்று சொல்லிவிட்டார். மார்ட்டின் சிரித்துத் தலையாட்டினான்.

ஓடையைத் தாண்டும் இடத்தில் அவன் நின்றான். பையை இறக்கும் சத்தம் கேட்டுத் தங்கமுத்து டார்ச்சைத் திருப்பினார். மார்ட்டின் துணியை அவிழ்த்து, கரியை இரண்டு விரலால், செத்த பல்லியைத் தூக்குகிற மாதிரித் தூக்கினான். “டர்ட்டி” என்றான். வேப்பங்கொத்தோடு சேர்த்து வீசிவிட்டான். கைக்குட்டையால் மூடியைத் துடைத்து, பழையபடி கட்டி, பைக்குள் வைத்தான்.

தங்கமுத்து பார்த்துக்கொண்டே நின்றார். ஒன்றும் சொல்லவில்லை.

மறுபடி நடை. பின்னால் பூட்ஸ் சத்தம், சரக்... சரக்... பைக்குள் போசியின் கைப்பிடி, டிங்... டிங்... குழம்பு வாசம் கூடவே வந்தது. கொஞ்ச தூரம் போனதும் வாசம் நின்றது. குறையவில்லை... நின்றே போயிற்று. பிறகு கைப்பிடிச் சத்தம் இல்லை. பிறகு பூட்ஸ் சத்தமும் மாறியது. புழுதியில் வெறுங்கால் வைக்கிற சத்தம். பொத்... பொத்...

“இன்னும் எவ்ளோ தூரமுங்க, சாமி?”

“அரை மைலுதானுங்க” என்றார் தங்கமுத்து. சொல்லிவிட்டு நடந்தார். கொஞ்சம் தள்ளிப் போன பிறகுதான் உறைத்தது.

மூன்று வார்த்தைக்கு மேல் தமிழ் தெரியாதவன் அவன்.

அவர் திரும்பவில்லை. திரும்பக் கழுத்து வரவில்லை. “மார்ட்டின், நன்றாக இருக்கிறாயா?” என்று இங்கிலீஷில் கேட்டார். பதிலுக்கு வெறுங்கால் சத்தம் போய், பூட்ஸ் சத்தம் வந்தது. சரக்... சரக்...

பள்ளிக்கூட வெளிச்சத்துக்கு வந்த பிறகுதான் திரும்பிப் பார்த்தார். மார்ட்டின்தான். காலில் பூட்ஸ். முகத்தில் சிரிப்பு. போசியை எடுத்தார்கள். துணி கட்டியது கட்டியபடி இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. ஒரு சொட்டு எண்ணெய்ப் பிசுக்கு இல்லை. கழுவி வெயிலில் காய வைத்த பாத்திரம்.

உங்கள் சித்தப்பாவே வழியில் உட்கார்ந்து தின்றிருப்பார் என்றுதான் நான் அர்த்தநாரியிடம் சொன்னேன். போசி இருந்த பை மார்ட்டின் முதுகில் இருந்தது என்றான். அப்படியானால் மார்ட்டின் தின்றிருப்பான் என்றேன். “மீதியையுங் கேளு மாப்ள, அப்பறம் பேசு” என்றான்.

மறுநாள் காலை மார்ட்டின் எழுந்து நேராகப் பானைக்குப் போனான். கொதிக்க வைக்கவில்லை, வடிகட்டவில்லை. அப்படியே மொண்டு குடித்தான். பூட்ஸ் மூலையிலேயே கிடந்தது. நெருஞ்சி முள் கிடக்கிற தடத்தில் வெறுங்காலோடு போய் வந்தான். ஆட்களோடு குத்தவைத்து உட்கார்ந்து களி தின்றான்.

ஊருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “இப்பத்தான் நம்ம ஊட்டுப் பையனாட்டம் இருக்கறான்” என்றார்கள். நல்லவனாக இருந்த வரைக்கும் அவனைச் சந்தேகப்பட்ட ஊர், சந்தேகப்பட வேண்டிய நாளில் கொண்டாடியது. அத்தனை பேர் சந்தேகமும் சேர்ந்து தங்கமுத்து ஒருத்தர் தலையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. ராத்திரி தூங்காமல் அவன் காலையே பார்த்துக்கொண்டு படுத்திருப்பாராம்.

போசியை வாங்கிப் போகச் சென்னியம்மாள் வந்தார். பாத்திரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“கரி ஊடு வரைக்கும் இருந்துச்சுங்களா, சாமி?”

“இருந்துச்சுங்க.”

“இல்லீன்னாச் சொல்லிப்போடுங்க. ஊரெல்லைக்குள்ள இருக்கற வரைக்குந்தான் ஏதாச்சும் பண்ண முடியும். தாண்டீட்டா நம்ம கையில இல்லீங்க.”

“இருந்துச்சுங்க” என்று மறுபடியும் சொன்னார் தங்கமுத்து. உண்மையைச் சொன்னால் அன்றைக்கு மாற்றிச் சொன்னதையும் சொல்ல வேண்டி வரும். இந்த இடத்தில் எனக்கு அந்த மனுஷன் மேல் கோபம் கோபமாக வரும். தம்பி மாதிரி என்றாரே!

வேலை முடிந்து நாலு பேரும் கிளம்பினார்கள். தங்கமுத்து சேலம் ஜங்ஷன் வரைக்கும் கூடவே போனார். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று பஸ்ஸில் வழி நெடுக இங்கிலீஷ் வாக்கியத்தை மனசுக்குள் கூட்டிக்கொண்டே போனார். பிளாட்பாரத்தில் மார்ட்டின் பூட்ஸ் போட்டிருந்தான். கை கொடுத்தான். பழையபடி இங்கிலீஷில் பேசினான், சிரித்தான், ஊரில் தன் அம்மா காத்திருப்பதாகச் சொன்னான். தங்கமுத்துவுக்குப் பெரிய மூச்சு வந்தது. வெயிலில் நமக்குத்தான் புத்தி பிசகியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். சொல்லாமல் விட்டுவிட்டார்.

விசில் கொடுத்தார்கள். வண்டி நகர்ந்தது. மார்ட்டின் பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலில் உட்கார்ந்திருந்தான். அப்போது அந்தப் பையிலிருந்து கறிக்குழம்பு வாசம் அடித்தது... இப்போதுதான் கொதித்து இறக்கிய மாதிரி, சூடாக. மார்ட்டின் தலையை வெளியே நீட்டினான். அதே சிரிப்பு.

“அந்தம்மா சொன்னத இவன்கிட்டக் கடைசி வரைக்கும் சொல்லாமயே இருந்துட்டீங்க, சாமி... ரொம்ப நல்லதுங்க.”

அவ்வளவுதான். அதோ, டயர் மாற்றியாயிற்று போலிருக்கிறது, வேன்காரர் கையைத் துடைக்கிறார். எழுந்திருங்கள்.

சௌந்திரம்... கொஞ்சம் இரு. நாம் வந்து உட்கார்ந்தபோது அந்தப் போசியில் வாசம் அப்படி அடித்ததே. இப்போது யாருக்காவது அடிக்கிறதா?