மூக்கன் தட்டியது குறித்து

என் பெயர் வளவன், வயது 38, தகப்பனார் பெயர் காத்தமுத்து, உப்பிலியபுரம் மேலத்தெருவில் குடியிருக்கிறேன். சொந்தமாக ஆறு சக்கர லாரி ஒன்று வைத்து நானே ஓட்டி வருகிறேன். இறந்துபோன மூக்கன், வயது 50, என் அக்காள் செல்லக்கிளியின் கணவர், பதினோரு ஆண்டுகளாக என் வண்டியில் உடன் வந்தவர். இந்த வழக்கில் முன்பே ஒரு வாக்குமூலம் கொடுத்திருக்கிறேன். அதில் ஒரு வரி தவறு என்பதால் இன்று நானாகவே வந்திருக்கிறேன்.

சென்ற ஜனவரியில் வண்டி லிட்டருக்கு நாலரை கிலோமீட்டர்தான் ஓடியது. துவாக்குடியில் பட்டறை வைத்திருக்கும் ரெஜிஸ் என்பவர், "சைலன்சர்தாங்க புகையை அடைக்குது. வெட்டிட்டு நேர் பைப் வெச்சா இன்ஜின் நல்லா மூச்சு விடும், அரை கிலோமீட்டர் கூடும்" என்றார். நாங்கள் சம்மதித்தோம். அவர் பற்றவைத்துக்கொண்டிருந்த நேரத்தில் மச்சான் சும்மா இருக்கப் பிடிக்காமல் ஆறு சக்கரங்களுக்கும் காற்றுப் பிடித்தார். அதன் பிறகு டேங்கை வாய்வரை நிரப்பி, வழக்கமான பாரத்துடன் துறையூர் போய்வந்து, மறுபடி வாய்வரை நிரப்பிப் பார்த்ததில் சரியாக ஐந்து வந்தது. "சத்தத்துலயே மைலேஜ் தெரியுது பாரு மாப்ள" என்றார் மச்சான். எனக்குப் பாதிதான் கேட்டது. மீதியை அவர் சிரிப்பிலிருந்து தெரிந்துகொண்டேன்.

வண்டியைப் பின்னால் எடுக்கும்போது அவர் இறங்கி நின்று பாடியைக் கையால் தட்டுவது எங்கள் வழக்கம். இரண்டிரண்டாகத் தட்டினால் வரலாம், ஒற்றைத் தட்டு என்றால் நிற்க வேண்டும். பைப் மாற்றிய பிறகு இரண்டும் எனக்குக் கேட்கவில்லை. சொன்னதற்கு, "கண்ணாடியப் பாரு மாப்ள, காதுக்கு லீவு குடு" என்றார். அவர் மட்டும் பழக்கத்தை விடாமல் தட்டிக்கொண்டுதான் இருந்தார்.

பிப்ரவரி 19ஆம் தேதி காலை ஏழரை மணிக்கு ஸ்ரீரங்கத்தில் வாழைத்தார் இறக்குவதற்காகக் குடோன் சந்துக்குள் பின்னால் எடுத்தேன். சந்து குறுகல் என்பதால் இடது கண்ணாடியை மடக்கியிருந்தேன். மச்சான் இடது பக்கம் நின்றார். பின்சுவர் வரை போய் நிறுத்தினேன். கீழே இறங்கியபோது அவர் லாரிக்கும் சுவருக்கும் நடுவில் இருந்தார். அவருடைய வலது கை அப்போதும் பாடியின் மேல் இருந்தது.

அன்று அதிகாரி கேட்டதற்கு, "அவரு தட்டலைங்க" என்றேன். இறந்தவர் சைகை கொடுக்கத் தவறியதே விபத்துக்குக் காரணம் என்று எழுதப்பட்டது. அதன் பிறகு வண்டியைச் சோதித்தவர்கள் பிரேக்கும் விளக்குகளும் சரி என்று எழுதினார்கள். சைலன்சருக்குப் படிவத்தில் கட்டம் இல்லை. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து அக்காள் என்னிடம், "டேய் தம்பி, அவரு தட்டாமயா நின்னுருப்பாரு?" என்று கேட்டது. அதன் பிறகு சந்து முனையில் டீக்கடை வைத்திருக்கும் பஸீலா என்பவரைப் போய்ப் பார்த்தேன். அவர், "மூணு தடவ ஒத்தையா தட்டுனாருங்க. மாப்ள மாப்ளன்னு வேற கத்துனாரு. நீங்க வந்துக்கிட்டே இருந்தீங்க" என்றார்.

வண்டி கைக்கு வந்த பிறகு பழையபடி சைலன்சர் மாட்டினேன். அதே பாரத்துடன் அதே துறையூர் சாலையில் போய்வந்து பார்த்தேன். லிட்டருக்கு ஐந்துதான் வந்தது. ரெஜிஸிடம் கேட்டதற்கு, டயரில் முன்பு காற்றுக் குறைவாக இருந்திருக்கும் என்றார். கூடிய அரை கிலோமீட்டர் மச்சான் பிடித்த காற்று.

ஆகவே "தட்டவில்லை" என்ற வரியை நீக்கிவிட்டு, அவர் தட்டினார், எனக்குக் கேட்கவில்லை, கேட்காதபடி பைப்பை மாற்றியவன் நான் என்று எழுதிக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். இதனால் எனக்கு வரும் தண்டனை பற்றி அதிகாரி எடுத்துச் சொன்னார். இதன் நகல் ஒன்று என் அக்காளுக்கு வேண்டும்.

மேற்கண்டது முழுவதும் எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. ஒவ்வொரு சொல்லும் காதில் விழுந்தது. அனைத்தும் உண்மை.

(ஒப்பம்) கா. வளவன்