பச்சையை நம்பாத பூதலிங்கம் அவர்களுக்கு

பெருங்கடவிளை வட்டார வாழைத் தோட்டங்களில் முப்பத்து நான்கு ஆண்டுகள் முட்டளவு சேற்றில் நின்று படமெடுத்த பண்பாளரே, பச்சைத்துளிர் வாழை விவசாயிகள் சங்கத்தின் களப்பணியாளரே, வணக்கம். தங்களைக் கதிரவன், கடல் என்றெல்லாம் புகழ்ந்து நாங்கள் எழுதிய முதல் மடலை வாசித்துவிட்டு, "கடலு பொழியூர்க் கரையில கிடக்கட்டு, நடந்ததை எழுதுங்க" என்று திருப்பித் தந்தீர்கள். பணிகிறோம்.

தாங்கள் ஸ்லைடு பிலிமில் எடுத்த வாழைகளைத் திரையில் பார்த்து, தாங்கள் விளக்கக் கேட்டே இவ்வட்டாரம் நோய்களை அறிந்தது. அந்தப் பிலிமின் உற்பத்தி நின்று ஆண்டுகள் பலவாயின. சென்ற ஆண்டு நாங்கள் வாங்கிய டிஜிட்டல் கேமராவில் அதே நிறங்களைத் தரும் முறை ஒன்று இருந்தது. "சாருக்க பிலிம் முழுசும் இதுக்குள்ள உண்டு" என்று நம் அனூப் அறிவித்தார், கைதட்டினோம். அம்முறையில் நம் சங்கத்து விவசாயி ஓமனாவின் வாழை இலைகளைப் படமெடுத்து, வாடல் நோயா என்று கேட்டு ஆய்வு நிலையத்துக்கு அனுப்பினோம். வாழை செழிப்பாக உள்ளது, நேரில் வரத் தேவையில்லை என்று பதில் வந்தது.

ஓமனா நேராக அலுவலகத்துக்கு வந்தார். "எனக்க வாழை மஞ்சளிச்சுச் சாவுது. ஒங்க படத்துல கல்யாண வாசல்ல கெட்டினது மாதிரியில்லா நிக்குது." நோயென்றால் உடனே தோண்டி எரிக்க வேண்டும், தாமதித்தால் நானூறு வாழையும் போகும்.

தாங்கள் பழைய ஸ்லைடு ஒன்றை எடுத்து, கேமராத் திரையின் அருகே ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தீர்கள். இரண்டிலும் ஒரே பச்சை. ஸ்லைடின் அட்டையில் தங்கள் கையெழுத்து: "இலை ஓரம் மஞ்சள். படத்தில் பச்சை. நம்பாதே."

"மக்கா அனூப், இது நல்ல கேமராவாக்கும். அந்தப் பிலிமு சொன்ன பொய்யையும் விடாம சொல்லுது" என்றீர்கள்.

பிலிம் அழகா, கேமரா அழகா என்று ஒரு வாரம் வாதாடிய எங்களில் ஒருவருக்கும், இலை என்ன நிறம் என்று போய்ப் பார்க்கத் தோன்றவில்லை.

அன்று மதியமே தோட்டத்துக்குப் போய், அம்முறையை அணைத்துவிட்டுப் புதிதாய்ப் படமெடுத்து அனுப்பினீர்கள். மறுநாள் நிபுணர் வந்தார். பதினொரு வாழைகள் எரிந்தன. மற்றவை அத்தனையும் ஓணத்துக்குக் குலை தள்ளின. இப்பாராட்டு விழாவின் முன்வரிசையில் இருக்கும் ஓமனா சாட்சி.

பொய்ப் பச்சையை வென்றவரே, சாயம் கூட்டிக் காட்டத் தேவையில்லாத உடல்நலத்தோடு நீண்டு நெடிது வாழ்க.

அன்புடன்,
அனூப், லேகா, ஜெயதாஸ்
மற்றும் கைதட்டிய சங்கப் பணியாளர்கள் அனைவரும்