விடுப்பு எடுக்காத கூடம்

நான் காபி நன்றாகப் போடுவேன். எங்கள் தொழிற்சாலையில் யாரைக் கேட்டாலும் அதை ஒப்புக்கொள்வார்கள்.

டூயிஸ்பர்க் நகர இரும்பு வார்ப்பாலையில் நாலாயிரம் பேருடைய ஆரோக்கியம் என் பொறுப்பு. நோய் விடுப்பு முடிந்து வருகிறவர் முதலில் என் அறையில் ஒரு கோப்பை காபி குடித்துவிட்டுத்தான் வேலைக்குப் போகவேண்டும். நான் யாரையும் திட்டியதில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்பேன். மணல் அச்சு உடைக்கும் கூடத்தில் வேலை செய்த ஊவே பாவ்லிட்ஸ்கியிடமும் அதைத்தான் கேட்டேன்.

“மூணு நாளா மூச்சே சரியா வரல, பிரிங்மன் மேடம். இப்போ தேவல.”

“நல்லது. அந்த மூணு நாளும் உங்க இடத்துல யாரு நின்னாங்க?”

“யென்ஸ்தான்.” கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தான். “பாவம், அவனுக்கு இடுப்பே சரியில்ல.”

ஊவே அதன்பின் விடுப்பே எடுக்கவில்லை. வருடம் முழுக்க யாரும் நோய் விடுப்பு எடுக்காத குழுவுக்கு முற்றத்தில் சாசேஜ் சுட்டு விருந்து வைப்போம். “இருமாதடா ஊவே, என் சாசேஜுக்கு உலை வச்சிடாத” என்று யென்ஸ் கிண்டல் செய்வான். எல்லோரும் சிரிப்பார்கள், ஊவேயும்தான்.

நோய் விடுப்பு நூற்றுக்கு ஒன்பதிலிருந்து மூன்றுக்கு இறங்கியது. மேலிடத்தில் என்னைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடினார்கள். எனக்கும் பெருமைதான், மறைப்பானேன்.

நுரையீரல் பரிசோதனைக்கு வருடத்துக்கு ஒருமுறை வெளியிலிருந்து டாக்டர் வருவார். முடிவுகளை மூடிய உறைகளில் தந்துவிட்டுப் போவார்; ஆட்களுக்கு அனுப்புவது என் அலுவலகம். ஒரு அக்டோபரில் ஊவேயின் உறையைப் பிரித்தேன். நுரையீரலில் மணல் தூசி படிந்துவிட்டது, உடனே வேறு வேலைக்கு மாற்றுங்கள் என்றிருந்தது. அவனை மாற்றினால் மற்றவர்கள் காரணம் கேட்பார்கள். காரணம் தெரிந்தால் மொத்தக் கூடமும் படுத்துக்கொள்ளும். நோய் என்று சொன்னால்தான் ஆள் நோயாளி ஆகிறான் என்று நினைத்தேன். இப்போதும் பெரும்பாலும் அப்படித்தான் நினைக்கிறேன். எல்லாம் சரியாக இருக்கிறது என்று வேறொரு கடிதம் தட்டச்சு செய்து, டாக்டர் பெயரைப் போட்டு அனுப்பினேன். பிறகு இன்னும் பத்துப் பேருக்கு.

ஓய்வு பெற்ற சில மாதங்களிலேயே ஊவே இறந்துபோனான். அவனை அடக்கம் செய்தபின் வழக்கம்போல காபியும் கேக்கும் கொடுத்தார்கள். அவன் மனைவி மார்லீஸ் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“ஒண்ணுமில்லைன்னு உங்க ஆஃபீஸ்லேர்ந்து லெட்டர் வந்துச்சுல்ல, அதைத்தான் காட்டிக்கிட்டே இருப்பாரு. டாக்டர்கிட்ட போங்கன்னு எத்தனை தடவை கெஞ்சியிருப்பேன்.” பிறகு, வந்ததற்கு எனக்கு நன்றி சொன்னாள்.

அன்றிலிருந்து என் வீட்டு மாடிப்படியில் யாரோ ஏறிவருகிறார்கள். நாலு படி ஏறி, நின்று, மூச்சு வாங்கி, மறுபடி நாலு படி. பட்டப்பகலில் கேட்கிறது. கதவைத் திறந்தால் யாருமில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. அதனால்தான் நீங்கள் கூப்பிடாமலே இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தேன்.

உறைகள் உங்கள் மேசைமேல் இருக்கின்றன. பிரித்தது நான், மறைத்தது நான், பொய்க் கடிதம் எழுதியதும் நான். நாலு பேர் போய்விட்டார்கள். மற்ற ஏழு பேர் இன்று காலையிலும் கூடத்துக்கு வேலைக்குப் போயிருப்பார்கள். ஒன்றை மட்டும் விட்டுவிடாமல் எழுதிக்கொள்ளுங்கள்: அந்த நாலு பேரும் ஓய்வு பெற்ற பிறகுதான் இறந்தார்கள். என் பொறுப்பில் இருந்தவரை அவர்களில் ஒருவர்கூட நோயாளி இல்லை.