மாதக் கடைசிச் சனிக்கிழமை

— மறுபடியும் கேக்கேன். உங்க டிபன் பையில போளி எப்படி வந்துச்சு?

— நான் திங்கல, வள்ளி. நாலும் அப்படியே இருக்குல்லா.

— நாலுதான் வந்துச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்? ஆறு மாசமா கம்மங்கஞ்சியும் கீரையுமா பொங்கிப் போடுதேன். சீனி டப்பாவப் பூட்டி வச்சிருக்கேன். வீட்டுக்கு வாரவுக எல்லாம் வரக்காப்பி குடிச்சு முகத்தச் சுளிக்காவ. பொறவும் ஏன் சர்க்கரை எறங்க மாட்டேங்குது?

— தெரிஞ்சா சொல்ல மாட்டனா.

— லேப்புல அந்தப் பிள்ளை கூப்பிடுது, பாருங்க.

— சௌந்தரபாண்டியன் யாருங்க? இந்தாங்க சார். முந்நூத்திப் பன்னெண்டு. டாக்டரப் பாத்துட்டுப் போங்க.

— போன மாசம் இருநூத்தி எண்பது. இன்னும் ஏறினா ஊசிதான்னாரு. காதுல விழுந்துச்சா?

— அவரு வேறொண்ணும் சொன்னாரு.

— எப்போ?

— நீ மாத்திரை வாங்கப் போயிருந்தே. தூக்கம் வருதான்னு கேட்டாரு. இல்லன்னேன். ரேடியோ கேப்பீங்களா, ஆளுககூடப் பேசுவீங்களான்னாரு. எதுலயும் மனசு ஒட்டலன்னேன். ஓயாத கவலை சர்க்கரைய ஏத்துமாம். ஏறின சர்க்கரை மனச இன்னும் அமுக்குமாம். பாளையங்கோட்டையில மனசு டாக்டர் ஒருத்தருக்குச் சீட்டு எழுதிக் குடுத்தாரு.

— எங்க அது?

— அதே பையில. போளிக்கு அடியில.

— நல்லாருக்கு. கவலைக்கு சர்க்கரை ஏறுமாக்கும். அப்படின்னா இந்தக் கரிசக்காட்டுல ஒருத்தர் பாக்கியில்லாம ஏறியிருக்கணும்.

— நானும் அதத்தான் சொன்னேன். டாக்டர் சிரிக்கல. உங்களுக்கு என்ன கவலைன்னாரு.

— நானும் கேக்கேன். தீப்பெட்டி ஆபீசுல போர்மேன். நிழல்ல நிக்க வேலை. அங்கனயே குச்சி அடுக்கி அடுக்கி எனக்கு விரல் மரத்துப் போச்சு. நான் தூங்கலயா?

— மாசக் கடைசிச் சனிக்கிழமை பேரு வாசிக்கது யாரு?

— நீங்க.

— மெஷின் வந்ததுலருந்து மாசம் ஒரு ஆளு. திங்கக்கிழமை வர வேண்டாம்னு நான்தான் மூஞ்சியப் பாத்துச் சொல்லணும். ஒருத்திகிட்ட சொன்ன மறுநாளே அடுத்த மாசத்த நினைச்சு நாள எண்ண ஆரம்பிச்சிருதேன்.

— முதலாளி குடுக்க பேரத்தான வாசிக்கீங்க. பேச்ச மாத்தாதீங்க. போளி யாரு குடுத்தா?

— உன் வரிசையில குச்சி அடுக்குத பெத்தம்மா.

— நேத்து அவ பேரத்தான வாசிச்சீங்க?

— காலையில குடுத்தா. கடம்பூர்ல மக வீட்டுக்குப் போயி வாங்கிட்டு வந்தாளாம். என் பேரு வராமப் பாத்துக்கோங்க அண்ணாச்சின்னா. சாயங்காலம் வாசிச்சேன்.

— கையில வாங்கிட்டு வாசிச்சீங்களா? அவளுக்காக முதலாளிகிட்ட ஒரு வார்த்தை பேசக் கூடாதா? இன்னும் ரெண்டு பொட்டப்பிள்ளையக் கரையேத்தணும் அவ.

— முதலாளி பெத்தம்மா பேரக் குடுக்கல.

— பின்ன யாரு பேரக் குடுத்தாரு?

— மெஷின் வந்த மாசம் குடுத்த பேருதான், இன்னும் அதே பேருதான். மொதல்ல உங்க வீட்டம்மாவ நிறுத்துங்க, அப்பத்தான் மத்தவளுக வாயத் தொறக்க மாட்டாளுகன்னாரு. அடுத்த மாசம், அடுத்த மாசம்னு சொல்லி உனக்குப் பதிலா ஆறு பேர நிறுத்திட்டேன், வள்ளி.