ஸ்கோகன் வீட்டு ராக்னா

அட, ஒரு தடவை கேட்டதுமே காபியை வாங்கிட்டியே! இங்க நார்வேக்காரங்ககிட்ட ரெண்டு தடவை வேண்டாம்னு சொல்லிட்டு, மூணாவதுக்குத்தாம்மா கை நீட்டணும். பரவால்ல, குடி. சியாட்டில்ல வளந்த பிள்ளை, உனக்கு எப்படித் தெரியும்.

ஆமா, வெளிய கார்ல யாரது? அம்மாவா? மின்னசோட்டா குளிருக்கு வெறைச்சிடுவாங்களே, சர்ச்சுக்குள்ள வந்து உக்காரலாமில்ல. வரமாட்டேங்கறாங்களா. சரி.

எங்க, அந்த வம்சத் தாளை விரி. அம்மாடி, மேஜை பத்தல! இந்த ஓலாஃப் ஸ்கோகன், கப்பல்ல வந்தவர், சரி. அவர் மகன் ஆர்னே, சரி. ஆர்னேவுக்கு மாட்டு மேல இருந்த அக்கறை மனுஷங்க மேல கிடையாது, அதை எழுதல, போகட்டும். மக ராக்னா... இதென்ன, பென்சில்ல பெருக்கல் குறி?

ஓ, கல்லறையைப் பாத்தியாக்கும். மூணு வயசுல செத்த குழந்தை எப்படிப் பிள்ளை பெறும், எவளோ பொய்ப் பேரைக் குடுத்து உங்கம்மாவை விட்டுட்டு ஓடிட்டான்னு முடிவு பண்ணிட்டீங்க. அதான் அவங்க இறங்கலையா. நியாயந்தான்.

எங்க ஜனம் எதையும் வீணாக்காதும்மா. ஒரு குழந்தை செத்தா, அடுத்துப் பொறக்கறதுக்கு அதே பேரை வச்சிடும். இந்தா, ஞானஸ்நானப் பதிவேடு, நீயே பாரு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறுல ஒரு ராக்னா. முப்பதுல இன்னொரு ராக்னா. பெரியவ கல்லுக்குக் கீழ. சின்னவளுக்குப் பதினேழு வயசுல ஒரு பொண்ணு பொறந்துச்சு. ஆர்னே அதைக் கையிலகூடத் தரவிடல, நர்ஸ் தூக்கிட்டுப் போனதோட சரி. ஆஸ்பத்திரித் தாள்ல அம்மா பேரை மட்டும் மாத்திக் குடுக்கச் சொன்னாங்க. மாட்டேன்னுட்டா. என்னைக்காவது தேடி வந்தா, பேராவது நெஜமா இருக்கணுமில்ல?

ஓடல்லாம் இல்ல. கல்யாணம் பண்ணா, புருஷனைப் பொதைச்சா, வேற பிள்ளை இல்ல. இப்ப இந்த சர்ச்சுல பதிவேடு எழுதிக்கிட்டு, வர்றவங்களுக்குக் காபி ஊத்திக்கிட்டு இருக்கா.

அழாத, காபி உப்புக் கரிக்கும். அந்தப் பெருக்கல் குறியை மட்டும் அழிச்சிடு. கல்லுல நீ வச்ச பூ இருக்கட்டும், எங்கக்காவுக்கு இதுவரைக்கும் யாரும் வச்சதில்ல.

மூணாவது கோப்பை எடுத்து வச்சிருக்கேன். போய் உங்கம்மாவைக் கூப்பிடு. ரெண்டு தடவை வரமாட்டேன்னுதான் சொல்லுவா. விட்டுடாத, மூணாவது தடவையும் கூப்பிடு.